கலப்பைக்கு ஒரு தேர்

“போதுங்க” என்றாள்.

டிராக்டர் நிற்கவில்லை.

“போதும்! நில்லுங்க!”

இன்னும் ஒரு சாண் பின்னால் வந்தது. கலப்பையைப் பிடித்திருந்த கையை அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். விரல்கள் இருந்த இடத்தில் இரும்பும் இரும்பும் மோதின.

ஓட்டிக்கொண்டிருந்த கணவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

“மாட்டியாச்சா, மயிலாத்தா?”

இல்லை என்று தலையை மட்டும் அசைத்தாள். கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

மண்ணைக் கிளறும் சுழல் கலப்பையான அந்த ரோட்டவேட்டர் நானூறு கிலோ. அத்தனை கனத்துக்குப் பிடிவாதமும் அதிகம். டிராக்டரின் பின்னால் நீளும் இரண்டு இரும்புக் கைகளும் அதன் இரண்டு இரும்பு முளைகளுக்கு நேராக வந்து நிற்க வேண்டும். எறும்பு நுழையும் அளவு விலகினாலும் ஏற்றுக்கொள்ளாது. பதினெட்டு ஆண்டுகளாக இப்படித்தான். அவர் ஓட்டுவார். அவள் பின்னால் நின்று குரல் கொடுப்பாள். மிச்சமிருக்கும் அரை அங்குலத்தைக் கடப்பாரை போட்டு நெம்புவாள்.

அவள் குரல் போய்ச் சேராத நாள் அதுவரை வந்ததில்லை.

இரண்டு மாதமாக எதற்கும் அவர் என்ஜின் சத்தத்தையே காரணம் சொன்னார்.

என்ஜின் ஓடாத வேளைகளிலும்.

அவர் காதைப் பற்றிச் சொல்லிவிடலாம்தான். சொன்னால், தப்பிய விரல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைக் கேட்டபின் அவர் அந்த இருக்கையில் ஏறமாட்டார். ஊரில் பாதிக் காடுகளை உழுது கொடுக்கிற மனிதர். இறங்கிவிட்டால் வீட்டில் எந்த மூலையில் உட்காருவார் என்று அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை அவள் டவுனுக்குப் பஸ் ஏறினாள்.

வெல்டிங் கடையிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கியது, முழங்கால் உயரம்கூட இல்லாத ஓர் இரும்புச் சட்டம். அடியில் நான்கு சக்கரங்கள்.

“எனக்கு முதுகு புடிச்சுக்கிச்சுங்க. இனிமே கடப்பாரை போட்டு நெம்ப முடியாது.”

அவர் அவள் முகத்தையே பார்த்தபடி கேட்டுக்கொண்டார். பிறகு சட்டத்தைச் சுற்றி வந்தார்.

“கலப்பைக்குத் தேர் கட்டீட்டயாக்கும்! வடம் புடிக்க ஊரைக் கூப்புடலாமா?”

“ஊரெதுக்கு? நானொருத்தி போதும்.”

அவள் சொன்னது உண்மையாயிற்று. டிராக்டர் சக்கரத்துக்கு அணையாகக் கல் வைத்தாள். டிராக்டர் கல்லைத் தொட்டு நின்றது. கழற்றும்போதே சட்டத்தின் மேல் இறக்கி வைத்திருந்த கலப்பையை அவள் இரண்டு கையால் தள்ளினாள். சிமெண்ட் தரையில் அது சொன்ன பேச்சுக் கேட்கும் எருமைபோல நகர்ந்தது. இடப்பக்கம் மாட்டியது. வலப்பக்கம் மாட்டியது. மேல் கம்பியும் மாட்டியது.

யாரும் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

அவள் தன் பொய்யை எண்ணிக் கொஞ்சம் பெருமைப்பட்டாள். மறக்காமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

வாரம் ஒன்று போயிற்று.

ஒரு காலையில் டிராக்டரின் மட்கார்டில் புதிதாக ஒரு வட்டக் கண்ணாடி இருந்தது.

“ரோட்டுல லாரிக்காரனுக முட்டற மாதிரி வாறானுக. அதுக்குத்தான்” என்றார் அவர், அவள் கேட்காமலே.

அவர் குளிக்கப் போன நேரத்தில் அவள் ஒரு கந்தல் துணியை எடுத்துக்கொண்டு இருக்கையில் ஏறினாள். கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்த கண்ணாடியில் சாலை தெரியவில்லை. இரும்புக் கைகள் தெரியவில்லை. கலப்பையும் தெரியவில்லை.

வலைக் கம்பி போட்ட கொட்டகைச் சுவரில், ஓர் ஆள் உயரத்தில், வெறும் இடம் ஒன்று தெரிந்தது.

யாருடைய உயரம் என்பது அவளுக்கு உடனே தெரிந்துவிடவில்லை.

அவர் வந்து ஏறினார். என்ஜின் உறுமியது. அவள் வழக்கம்போலக் கலப்பைக்குப் பின்னே, சுவரை ஒட்டிப் போய் நின்றாள்.

நிமிர்ந்தாள்.

கண்ணாடிக்குள் இரண்டு கண்கள். அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

குரலே எழுப்பாமல், உதடுகளை மட்டும் அசைத்தாள்:

“வாங்க.”

டிராக்டர் மெல்லப் பின்னால் வந்தது.