ஆச்சியின் ஊசி

கம்பவுண்டர் ஊசியில் மருந்தை ஏற்றிவிட்டான். ஆச்சி கையைச் சேலைக்குள் மடக்கிக்கொண்டாள்.

மீனை என் உடம்புக்குள் ஏற்றிவிட்டீர்களே, பாவிகளா என்று அழுதாள்.

முந்தின நாள் அவள் தங்கை மகன் களமசேரியில் இருந்து பார்க்க வந்திருந்தான். காலேஜில் படிக்கிறவன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த இங்கிலீஷ் காகிதத்தை எடுத்துப் படித்தான். சால்மன் என்று போட்டிருக்கிறதே, அது மீன் அல்லவா என்று கேட்டுவிட்டு, அவன் பாட்டுக்கு பஸ் ஏறிப் போய்விட்டான்.

சைவப் பிள்ளைமார் வீடு. மட்டாஞ்சேரிக்கு வந்து மூன்று தலைமுறை ஆகியும் மீன் வாடை வாசலைத் தாண்டியதில்லை. அங்கே வேலைக்கு நிற்கிற நான் மீன் தின்கிறவள். அதனால் தினமும் காலையில் வாயைத் திறக்கச் சொல்லி, மோந்து பார்த்த பிறகுதான் ஆச்சி என்னை அடுக்களைக்குள் விடுவாள்.

ஐந்து மாதமாக அவள் படுக்கைதான். முதுகெலும்பு இரண்டு இடத்தில் நொறுங்கிவிட்டது. இந்த ஊசி ஒன்றுக்குத்தான் அந்த வலி அடங்கியது. போட்டால் எழுந்து உட்கார்ந்து நாலு வாய் சாப்பிடுவாள். போடாவிட்டால் அவள் கத்துகிற கத்தலில் தெருவே தூங்காது.

எண்பத்திரண்டாம் வருஷம் அந்த மருந்து எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைக்கவில்லை. அவள் புருஷன், எங்கள் முதலாளி நல்லசிவம் பிள்ளைக்குச் சுக்கு வியாபாரம். வெலிங்டன் தீவில் ஒரு கப்பல்காரரைப் பிடித்து அவர்தான் வரவழைத்தார்.

புதுப் பெட்டி வந்தால் முதல் ஊசி எனக்கு.

சிலருக்கு இது ஒத்துக்கொள்ளாது, முதலில் ஒரு துளி போட்டுப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆச்சி என்னைக் கை காட்டினாள். அவளுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று என் கையில் குத்திப் பார்த்தார்கள். இந்த அறிவு வேறு யாருக்கு வரும்! துளி இல்லை, முழு ஊசி. முகம் தீயாய் எரியும். குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தி எடுப்பேன். சாயங்காலம் வரை நான் செத்துப் போகாமல் நடமாடினால், மறுநாள் அவளுக்குப் போடுவார்கள்.

இப்படி நாலு பெட்டி.

முதலாளி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவள் தலையில் கை வைத்தார். "ஏளா, சத்தியமாச் சொல்லுதேன், இதுல மீன் ஒரு சொட்டு கெடையாது."

ஆச்சி நம்பவில்லை. பேரைச் சொல்லாமல் இத்தனை நாள் மறைத்தவர், இனி எதையும் சொல்லுவார் என்றாள். டாக்டரைக் கூப்பிடவா என்றதற்கு, அவர் மீன் தின்கிற மனுஷர், அவருக்கு என்ன தெரியும் என்றாள்.

பிறகு என்னைப் பார்த்தாள். டாக்டர் முதலாளியிடம் இந்த மருந்தைப் பற்றிப் பேசிய அன்று ஆச்சி ஆஸ்பத்திரியில் உள்ளே மேஜையில் படுத்திருந்தாள். வெளியே அவர்கள் பக்கத்தில் அவளுடைய செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.

"ஏட்டி முப்பிடாதி, நீ சொல்லு. நீ சொன்னா நான் நம்புதேன்."

கம்பவுண்டர் ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான். முதலாளி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், சொல்லு சொல்லு என்று.

"மீன்ல எடுத்ததுதான் ஆச்சி. நம்ம கழுத்துல ஊறுத நீருதான் மீனுக்கும் ஊறுதாம். மீனோடது நம்மளத விட ரொம்ப வீரியமாம், அதான் போடுதாங்களாம்."

முதலாளி துள்ளி எழுந்தார். முழுசாச் சொல்லுட்டீ என்று கத்தினார்.

டாக்டர் அவ்வளவுதான் சொன்னார், முதலாளி என்றேன்.

ஆச்சி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஊசியைச் சாக்கடையில் கொட்டச் சொன்னாள்.

டாக்டர் அதற்கு மேலும் சொல்லியிருந்தார். முன்னே மீனில் கண்டுபிடித்ததோடு சரி, இப்போது ஃபாக்டரியில் மருந்துச் சரக்கை வைத்தே அதே மாதிரி செய்கிறார்கள், மீன் செதிள்கூட இதில் பட்டதில்லை, கோயில் குருக்களுக்கே போடலாம் என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். முதலாளியும் சிரித்தார். எனக்கு எல்லாம் நன்றாகக் காதில் விழுந்தது.

அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆச்சி கத்த ஆரம்பித்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

முதலாளி அப்போதே என்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளப் பார்த்தார். ஆச்சி விடவில்லை. இந்த வீட்டில் நிஜம் பேசுகிறவள் இவள் ஒருத்திதான், நான் சாகும் வரை இவள்தான் என் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

அவள் சாக நாலு வருஷம் ஆனது.