கட்டம் போட்ட சட்டைக்காரர்

“அந்தக் கட்டம் போட்ட சட்டைக்காரரை இன்னைக்கே சைட்டை விட்டு அனுப்பிடுங்க டில்லிபாபு!”

போனில் நிஷா மேடம், தலைமை ஆபீசின் பாதுகாப்பு அதிகாரி. பருத்திப்பட்டில் எழும்பிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியை அவர் நேரில் வந்து பார்ப்பதில்லை. ட்ரோன் பறந்து எடுக்கிற படத்தில்தான் பார்ப்பார். அந்த ரீங்காரம் கேட்டாலே சூபர்வைசர் டில்லிபாபு எழுந்து ஆட்களை விரட்ட ஆரம்பித்துவிடுவார்.

“இன்னா மேடம் தப்பு பண்ணாரு?”

“ஆறாவது மாடி ஓரத்துல நிக்கிறார். தலையில ஹெல்மெட் இல்ல, இடுப்புல பெல்ட் இல்ல. முதுகுதான் தெரியுது. எப்பப் பார்த்தாலும் அதே இடம். ஒரு வேலையும் செய்றதில்ல!”

உள்ளதைச் சொன்னால் தன் வேலைக்கே வேட்டு என்று டில்லிபாபுவுக்குத் தெரியும். 

“நான் பாத்துக்கறேன் மேடம்.”

பக்கத்தில் நின்று கேட்ட கொத்தனார் உத்தமன் கரண்டியைக் கீழே போட்டான்.

“அண்ணாத்தே, அவன அனுப்புனா ஒருத்தனும் மேல ஏற மாட்டோம், சொல்லிட்டேன். போன சைட்டுல அவன் இல்லாததாலதான் சாரம் சரிஞ்சி என் மச்சான் கால ஒடிச்சிகினான்.”

“மெதுவா பேசுப்பா! நாளைக்கு தளம் போடணும். நீங்க ஏறலன்னா என் கதி இன்னா ஆவறது?”

தலையைச் சொறிந்த டில்லிபாபுவின் முகம் சட்டென்று மலர்ந்தது.

“ஒரு ஹெல்மெட்டும் பெல்ட்டும் எடுத்துகினு வா. நானே மாட்டி வுடறேன்.”

மறுநாள் ஆட்கள் கேலியும் சிரிப்புமாக ஏறி இறங்கினார்கள். தளம் ஜோராக முடிந்தது. அவ்வப்போது ட்ரோனும் வந்து சுற்றிவிட்டுப் போனது. சாயங்காலம் போன் அடித்தது.

“சபாஷ் டில்லிபாபு! மத்தவங்கல்லாம் வெயில் தாங்காம அப்பப்ப ஹெல்மெட்டைக் கழட்டுறாங்க. அவர் ஒரு நிமிஷம்கூடக் கழட்டல! இந்த மாசப் பாதுகாப்புப் பரிசு அவருக்குத்தான். திங்கக்கிழமை எம்.டி. கையால வாங்கணும், கூட்டிட்டு வந்துடுங்க. ஆமா, அவர் பேர் என்ன?”

டில்லிபாபு அண்ணாந்து பார்த்தார்.

ஹெல்மெட்டும் பெல்ட்டும் மாட்டிக்கொண்டு, கரி மீசையும் தொங்கும் சிவப்பு நாக்குமாக, சட்டைக்குள்ளிருந்து வைக்கோல் பிதுங்க, ‘சைட்டில் வைக்கவே கூடாது’ என்று ஆபீஸ் உத்தரவு போட்டிருந்த அந்தத் திருஷ்டி பொம்மை, தெருவைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது.