ஆயிரம் ஷேர்

"அத்தான் அந்த ஷேரை என்னைக்கோ வித்துத் தின்னுட்டாருக்கா. நான் சொல்றேன் பாரு."

தம்பி கோபாலன் செய்தித்தாளின் ஓரத்தில் பேனாவால் கணக்குப் போட்டபடியே சொன்னான். சாந்தகுமாரி டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எண்பத்தொம்பதுல என்ன விலைக்கு வாங்கினீங்க?"

"இருபது ரூபா. அவர் பேர்ல ஆயிரம் ஷேர். ஃபேக்டரியில அஞ்சு வருஷம் ஓவர்டைம் தைச்ச காசுடா அது."

"இன்னைக்குத் தொண்ணூத்தஞ்சு! நடுவுல பதினொண்ணுக்கு விழுந்துச்சு, முப்பதுக்கு ஏறுச்சு, மறுபடி விழுந்துச்சு. ஓட்டல் கம்பெனி ஷேர் அப்படித்தான் ஆடும். எதுக்கும் அசையாம வச்சிருந்தா தொண்ணூத்தஞ்சாயிரம். வாசுகி படிப்புக்குக் கையேந்த வேண்டாம்."

மகள் வாசுகிக்கு இந்தியாவில் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. மாத முடிவுக்குள் பணம் கட்ட வேண்டும். ஷேரை விற்றுவிடலாம் என்று சாந்தகுமாரி மூன்று வாரமாகக் கேட்கிறாள். மொரீஷியஸின் ரோஸ் ஹில் தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவள் கணவர் விஸ்வம், "இன்னும் ஏறும், பொறு. ஆபீஸ்ல கடனுக்கு எழுதிப் போட்டிருக்கேன்" என்கிறார்.

"ஷேர் இருக்கிற மனுஷன் எதுக்குக்கா கடன் கேக்கணும்?"

"டிசம்பர்ல வருஷா வருஷம் டிவிடெண்டுன்னு ஒரு கவர் கொண்டாந்து தர்றாரே?"

"கவர் மேல கம்பெனி பேர் இருந்துச்சா?"

இல்லை. தபால் அலுவலகத்துக் காக்கிக் கவர்.

"வேற எங்கயாவது இன்னொரு அடுப்பு எரியுதோ என்னமோ" என்று கோபாலன் முணுமுணுத்தான்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் வாயை மூடச் சொல்லியிருப்பாள். சொன்னது தம்பி. கோயிலில் தைப்பூசத்துக்கு வசூலாகும் காவடிப் பணம் ஆறு வருடமாக அவன் கையில்தான் இருக்கிறது, ஒரு சென்ட் குறைந்ததில்லை. சொந்த டாக்ஸியில் ஓட்டல் விருந்தாளிகளை பாம்ப்ளமூஸ் தோட்டத்துக்கு ஓட்டிப் பிழைக்கிறான். கை சுத்தமானவன் சொன்னால் அதில் விஷயம் இருக்கும் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

மறுநாள் அதே டாக்ஸியில் போர்ட் லூயிக்குப் போனார்கள். நிறுத்த இடம் கிடைக்காமல் கோபாலன் வண்டியிலேயே இருந்தான். ஷேர் தரகர் ஆபீசில் மொனிக் என்ற பெண் பழைய கோப்பைப் புரட்டினாள்.

"அதை வித்தாச்சே, மதாம்."

விற்ற ரசீதின் நகல் ஒன்றையும் கொடுத்தாள். சாந்தகுமாரி அதைப் படிக்கக்கூட இல்லை. மடித்துப் பையில் திணித்துக்கொண்டு வண்டிக்குத் திரும்பியவள் ஓவென்று அழுதாள்.

"நான் சொல்லல? அழாதே. சாயங்காலம் வரட்டும், நானே கேக்கறேன்."

சாயங்காலம் விஸ்வம் செருப்பைக் கழற்றுவதற்குள் ரசீது மேசைக்கு வந்துவிட்டது.

"இது என்னங்க?"

விஸ்வம் ரசீதைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மைத்துனனைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வித்துட்டேன். எங்கயோ சண்டை மூண்டுச்சு, விலை விழுந்துச்சு, பயந்துட்டேன்."

"பணம் எங்கே?"

விஸ்வம் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"அஞ்சு வருஷம் ஊசி குத்தின விரலுங்க இது! யாருக்குக் கொடுத்தீங்க? இப்பச் சொல்லலைன்னா வாசுகியைக் கூட்டிக்கிட்டு தம்பி வீட்டுக்குப் போயிடுவேன். நிஜமாத்தான் சொல்றேன்."

விஸ்வத்தின் முகம் சுண்டிப்போனது. "அதை மட்டும் கேக்காதே, குமாரி."

கோபாலனுக்கு இது போதும். ரசீதைக் கையில் எடுத்தான்.

"எவ்வளவுக்கு வித்தாருன்னு பார்ப்போம். பதினோரு ரூபா! அடிமட்டத்துல வித்திருக்காருக்கா! கொஞ்ச நாள் கையைக் கட்டிக்கிட்டு இருந்திருந்தா போதுமே, எந்த மடையன், அத்தான், இந்த விலைக்கு விப்பான்? தேதி என்ன... ஜனவரி இருபத்திரெண்டு, தொண்ணூத்தியொண்ணு..."

அதோடு அவன் குரல் நின்றுவிட்டது.

அந்த ஜனவரியில்தான் காவடிப் பணத்திலிருந்து பத்தாயிரத்தை எடுத்து டாக்ஸிக்கு முன்பணம் கட்டியிருந்தான். ஓட்டல் சவாரியில் சம்பாதித்துத் திருவிழாவுக்குள் வைத்துவிடலாம் என்று நினைப்பு. வளைகுடாவில் சண்டை மூண்டது. விமானங்கள் காலியாக வந்தன. கோயிலில் கொடியேறியதும் தபால் அலுவலகத்துக்கு ஓடி, அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அக்காவுக்குத் தெரிஞ்சா செத்துருவேன் அத்தான்." காவடிக்கு முதல் நாள் விஸ்வம் பத்தாயிரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். எங்கிருந்து கிடைத்தது என்று கோபாலன் கேட்கவில்லை. திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

"ஏண்டா நிறுத்திட்டே? படி" என்றாள் அக்கா.

விஸ்வம் எழுந்து ரசீதை வாங்கப் பார்த்தார். "விடு கோபாலா. போனது போச்சு. என் முட்டாள்தனம்னு வச்சுக்கலாம்."

கோபாலன் ரசீதை விடவில்லை. இன்னொரு கையால் பாக்கெட்டில் துழாவி, டாக்ஸிச் சாவியை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தான்.

"இது எதுக்குடா?"

"அத்தான் எதையும் தின்னலக்கா. உன் ஆயிரம் ஷேரும் வாசல்லதான் நிக்குது. மூணு வருஷமா நான்தான் ஓட்டிக்கிட்டு இருக்கேன்."