கால்சியம் நுழையும் நேரம்

"கால்சியம் எலும்புக்கு நல்லதுன்னு அம்மா தினம் மாத்திரை முழுங்கறாளே, அதுவா கொல்லும்?" என்றான் அனந்த்.

"மாத்திரை இல்லேடா, உடம்புலேயே இருக்கற கால்சியம்." பத்மப்ரியா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே தம்பிக்குப் பாடம் நடத்தினாள். "மூளைக்கு ரத்தம் நின்னா, நரம்பு செல்லுக்குக் கதவைச் சாத்திக்கத் தெம்பு இருக்காது. வெளியே இருக்கற கால்சியம் திபுதிபுன்னு உள்ளே நுழையும். அப்புறம் செல் தன்னைத்தானே தின்னுடும், மனசிலாச்சோ? ஆனா எல்லாமே உடனே சாகாது. சில மணி நேரம் ஆகும். அதுக்குள்ளே கொண்டு வந்திருந்தா..."

முடிக்காமல் அப்பாவை முறைத்தாள்.

வெங்கடசுப்ரமணியன் திவசத்துக்குக் கட்டிய பஞ்சகச்சத்தோடு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவருடைய அப்பாவின் திவசம். பிராமணர்களுக்குப் பரிமாறும்போது அவர் மனைவி பாகீரதி சுருண்டு விழுந்துவிட்டாள். வலது கையும் பேச்சும் திரும்புவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"இனி பேசவே மாட்டாளாக்கா? வெத்தலையை அடக்கிண்டே ஊர்க்கதையெல்லாம் சொல்லுவாளே" என்றான் அனந்த்.

பத்மப்ரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நரம்பு செல்கள் எப்படிச் சாகின்றன என்று வருஷக்கணக்காக ஆராய்கிறவள் அவள். அவர்கள் குடியிருக்கும் வலியசாலையில் யாருக்குத் தலை சுற்றினாலும் முதலில் அவளைத்தான் கேட்பார்கள். கடைசியில் அவள் அம்மாவுக்கே இந்தக் கதி!

"காலைலேயே அம்மா கைலேருந்து கரண்டி நழுவி நழுவி விழுந்துதாம். பக்கத்தாத்து மாமி சொன்னா. பச்சைத் தண்ணி பல்லுல படாம அடுப்படியிலே நின்னிருக்கா. மடி ஆசாரத்தோட இருக்கறவளைத் தொடப்படாது, பிராமணா சாப்பிட்டு எழுந்திருக்கட்டும்னு இருந்துட்டேள், அல்லே? உங்க திவசம்தான் அம்மா பேச்சைத் தின்னுது!"

"அக்கா, மெள்ள..."

"என்ன மெள்ள? எல்லாரும் கேக்கட்டும்!"

அப்பா பஞ்சகச்சத்தின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். அது அவள் ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது.

"வீட்டுல இதையே படிச்சவ ஒருத்தி இருக்கேனே, என்னை ஒரு வார்த்தை கேட்டேளா?"

வெங்கடசுப்ரமணியன் மெதுவாகத் தலைநிமிர்ந்தார்.

"கேட்டோமேம்மா. அவளுக்கு வாய் குழறித்து. மடி போனாப் போறதுன்னு நான்தான் போனை எடுத்து உன்னைக் கூப்பிட்டு, ஸ்பீக்கர்ல போட்டு அவகிட்டக் கொடுத்தேன். 'வெத்தலையைத் துப்பிட்டு அப்புறமா பேசும்மா, லேப்ல வேலையா இருக்கேன்'னு நீ வெச்சுட்டே. பொண்ணே ஒண்ணும் சொல்லலையேன்னு அவளும் அடுப்படிக்குப் போயிட்டா."

அவர் அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"திவசத்தன்னிக்கு, பிராமணா சாப்பிடறதுக்கு முன்னாடி, உங்கம்மா வெத்தலை போடுவாளா பிரியா?"