முதல் பிடி

பானைக்குள் அரிசி விழும் சத்தம் கேட்கவில்லை.

பிலோமி காதைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தாள். செபமாலையம்மாளின் கை துணிக்குள் போனது, உள்ளே விரிந்தது, வெளியே வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

“நெறையட்டும்க்கா,” என்றாள் பிலோமி. பானை தூக்குகிறவள் சொல்ல வேண்டிய வார்த்தை அது. சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்கு நடந்தாள்.

சூரியநெல்லிக்கு மேலே, தேயிலைக்காட்டின் விளிம்பில், தோட்டத் தொழிலாளர்களின் ஒட்டு வீடுகள் வரிசையாக நின்ற லயம் அது. உலை வைக்கும்போதெல்லாம் அங்கே ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் பானை வாசல் வாசலாக வரும்.

பானையின் வாயில் ஒரு துணி கட்டியிருக்கும். துணியில் கை நுழைகிற அளவுக்கு ஒரு கிழிசல். எவள் எவ்வளவு போட்டாள் என்று எவளுக்கும் தெரியாது. சேர்ந்த அரிசி, அந்த வாரம் அடுப்பெரியாத ஒரு வீட்டுக்குப் போகும். எந்த வீடு என்பது ஜெபம் நடத்தும் உபதேசியார் பாஸ்கலுக்கும் பிலோமிக்கும் மட்டும்தான் தெரியும்.

மாதா கோயிலில் தொடங்கிய வழக்கம். பிறகு மாரியம்மனைக் கும்பிடுகிற வீடுகளும் சேர்ந்துகொண்டன. பசிக்கு ஏது வேதம்?

பிலோமி பிள்ளைகுட்டி இல்லாதவள். புருஷன் இன்னாசிராஜையும் மண்ணுக்குக் கொடுத்துவிட்டவள். ஒண்டிக்கட்டை, அரிசியில் கைவைக்க மாட்டாள் என்று நம்பித்தான் பானையை அவளிடம் கொடுத்தார்கள். ஒண்டிக்கட்டைக்கும் வயிறு என்று ஒன்று உண்டு என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அது எழுபத்துநான்காம் வருஷத்து மழைக்காலம். மலைப்பாதை சரிந்து, ரேஷன் லாரி வந்து வாரக்கணக்கில் ஆகிவிட்டது. போடியிலிருந்து தலைச்சுமையாக அரிசி கொண்டுவருகிறவர்களையும் எல்லைச் சோதனைச் சாவடியில் மறிக்கிறார்களாம். சுற்றிலும் மலை மலையாகப் பச்சை. அத்தனையும் தேயிலை, வாயில் போட ஒரு இலை கிடையாது. லயத்துக்குப் பின்னால் பிலோமி ஊன்றிய மரவள்ளிக் குச்சிகளைக்கூடக் கங்காணி பிடுங்கி எறிந்தான். அது எஸ்டேட் மண்ணாம்.

இன்று பானை போக வேண்டிய வீட்டில் நேற்றுக் காலையிலிருந்து உலை ஏறவில்லை. பிலோமிக்கு அது நன்றாகவே தெரியும். அதனால்தான் ஒவ்வொரு வாசலிலும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

அடுத்த வாசல். வெறுங்கை.

அதற்கடுத்ததிலும் வெறுங்கை.

எல்லோரும் கையை இறுக்கி மடக்கித்தான் கொண்டுவந்தார்கள். ஒருத்தியும் பிலோமியின் முகத்தைப் பார்க்கவில்லை. இந்த லயத்திலேயே ஏமாற்றுகிறவள் தான் ஒருத்திதான் என்று ஒவ்வொருத்தியும் கூனிக்குறுகி நின்றாள். அடியில் கிடந்த அரிசி விரல் நுனியில் பட்டதும்தான் முகம் கொஞ்சம் தெளிந்தது. மற்றவர்கள் போட்டிருக்கிறார்கள், நம்முடைய ஒரு பிடி குறைந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

பானையைத் திறந்து காட்டிவிட்டால் என்ன என்று பிலோமிக்கு ஒரு கணம் ஆத்திரம் வந்தது. காட்டினால் அத்தனை பேர் மானமும் போகும். அடுத்த ஞாயிறு எந்தக் கதவும் திறக்காது. பானை கோயில் மூலையில் கவிழ்ந்து கிடக்கும்.

“நெறையட்டும்” என்றே சொல்லிக்கொண்டு போனாள்.

கடைசியாக அழகுத்தாய் வீடு. அவள் இடுப்பில் குழந்தை விடாமல் சிணுங்கிக்கொண்டிருந்தது. அவள் கை மட்டும் விரிந்தபடியே உள்ளே போனது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. வெளியே வரும்போது மூடியிருந்தது.



“ஒரு பிடி நெறையப் போட்ருக்கேன்க்கா,” என்றாள் அழகுத்தாய், குழந்தையின் தலையைப் பார்த்தபடி.

பிலோமி அந்த மூடிய கையைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். சொல்ல வேண்டிய வார்த்தையைச் சொல்லிவிட்டுத் துணியை இழுத்துச் சரிசெய்தாள்.

பானை சுற்றி முடிந்தால் லயத்துக் கதவுகள் எல்லாம் சாத்திக்கொள்ள வேண்டும். அது எந்த வீட்டுக்குள் போகிறது என்று யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. வரிசையாகக் கதவுகள் சாத்திக்கொண்டன. மூடுபனிக்குள் பிலோமி மட்டும் பானையோடு நின்றாள். இன்னாசிராஜைப் புதைத்துவிட்டுத் திரும்பிய அன்றுகூட இவ்வளவு தனியாக இருந்ததாக அவளுக்கு நினைவில்லை.

அழகுத்தாய் வீட்டை ஒட்டியிருந்த கதவைத் திறந்து, உள்ளே போய்த் தாழிட்டாள்.

அது அவள் வீடு. இந்த வாரம் உனக்குத்தான், மறுக்கக் கூடாது என்று ஜெபத்துக்கு முன்பே உபதேசியார் சொல்லியிருந்தார்.

துணியை அவிழ்த்தாள். அடியில் கிடந்த அரிசியை அவளுக்கு நன்றாகவே அடையாளம் தெரிந்தது. பானை தூக்குகிறவளின் பிடிதான் முதலில் விழ வேண்டும் என்பது வழக்கம். நேற்று முழுக்கப் பட்டினி கிடந்தும் தொடாமல் வைத்திருந்த கடைசிப் பிடியைக் காலையில் அவள்தான் போட்டிருந்தாள். அதில் பாதிதான் திரும்பி வந்திருந்தது.

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமே என்று முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் கஞ்சி கொதிக்கிற மணம் எழுந்தது. கொஞ்ச நேரத்தில் குழந்தையின் சிணுங்கலும் நின்றது.

பிலோமி ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தாள். மிச்ச அரிசியைப் பானையிலேயே விட்டு, துணியை மறுபடி இறுக்கிக் கட்டினாள். அடுத்த ஞாயிறும் கைகள் வரும். விரலில் படுவதற்கு உள்ளே ஏதாவது இருக்க வேண்டுமே.