கேமரா முன்னால் பந்தி

குடும்பக் கம்பெனி வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டுமானால், இயக்குநர்கள் எல்லோரும் வரித்துறையின் கேமரா முன்னால் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு, ஒரே குடும்பம்தான் என்று காட்ட வேண்டும். அண்ணன் குப்புராஜ் பல்லைக் காட்டிக்கொண்டே தெய்வானையின் இலையில் கேசரி வைத்தான்.

"பாசம் போதவில்லை. மீண்டும் முயலவும்" என்றது திரை.

தெய்வானைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாசமா? அம்மா ஆஸ்பத்திரியில கெடந்த பத்து நாளும் எனக்கு ஒரு போன் பண்ணுனீங்களாண்ணா? பொணத்தைத்தானே காட்டுனீங்க!"

இலையைத் தள்ளிவிட்டாள்.

"உறவு உறுதியானது. கணக்கு ஏற்கப்பட்டது" என்றது திரை.

குப்புராஜ் நிம்மதியாக எழுந்து கை கழுவினான்.

"அடுத்த வருசம் உட்கார்ந்ததுமே இதைக் கேட்டுரு தெய்வானை. வேலை சீக்கிரம் முடிஞ்சிரும்."