முதலில் உரிமம் வாங்கியவள்

"முக்கால்வாசி முடிஞ்ச மாதிரிதான்க்கா!" என்று சொல்லிக்கொண்டே சின்னவள் வாசலில் செருப்பைக் கழற்றினாள். மூன்று நாளாக அதே பள்ளிக்கூடத்துக்கு நடையாய் நடக்கிறாள். முகமெல்லாம் வியர்வை, கூடவே ஒரு சிரிப்பு.

"முடிஞ்சா சரி" என்றாள் பெரியவள், துணி மடிப்பதை நிறுத்தாமல்.

"ஹெச்.எம். இன்னும் கொஞ்ச நேரத்துல போன் பண்றேன்னாங்க. அதுவரைக்கும் எதுவும் கேக்காதீங்க. கண்ணு பட்டுடும்."

யார் கண்ணைச் சொல்கிறாள்? பெரியவளுக்குச் சுருக்கென்றது.

இரண்டு பேரும் ஓரகத்திகள், இரண்டு பேரும் டீச்சர்கள். அண்ணன் தம்பி இருவருக்கும் வேலை இந்த மாநிலத்துக்கு மாறியதில், ஒரே வீட்டில் குடிவந்து ஐந்து மாதம் ஆகிறது. பழைய உரிமம் இங்கே செல்லாது, பாடம் நடத்த வேண்டுமானால் புதிதாக வாங்கு என்றார்கள்.

பெரியவளுக்குப் பதினான்கு வருஷ அனுபவம். சின்னவளுக்கு முழுசாக இரண்டு வருஷம்கூட இல்லை. இருவருடைய விண்ணப்பத்தையும் ஒரே நாளில் சின்னவள்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவளுக்கு இருபதே நாளில் உரிமம் வந்துவிட்டது. "இனிமே எனக்குக் கவலையில்லக்கா, இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு, எங்கயாவது கிடைச்சுடும்" என்று அன்றைக்கு அவள் சொன்னது இன்னும் பெரியவளின் காதில் குத்திக்கொண்டிருக்கிறது.

பெரியவளுக்கு வந்தது வெறும் கடிதம். வேலை பார்த்த மூன்று பள்ளிகளும் சரிபார்த்து எழுத வேண்டுமாம். அதில் ஒன்றை இழுத்து மூடியே ஆறு வருஷமாகிறது. இது என்ன நியாயம்? உழைத்ததற்குத் தண்டனையா?

"ஏதாவது ஒரு ஸ்கூல், இவங்க எங்களுக்கு வேணும்னு எழுதிக் கொடுத்தா தற்காலிக உரிமம் தருவோம். மாசக் கடைசிக்குள்ள வந்தாகணும். விட்டா அடுத்த வருஷம்தான்" என்று உரிம அலுவலக எழுத்தர் ஒரு வழி சொன்னார். நல்ல வழிதான். ஆனால் படியேறிய பள்ளிக்கூடத்தில் எல்லாம் முதல் கேள்வியே உரிமம் இருக்கிறதா என்பதுதான்.

மாசக் கடைசிக்கு இன்னும் இரண்டே நாள். வகுப்பறை இல்லாமல் பெரியவளுக்குச் சோறு இறங்கவில்லை. தூக்கத்தில்கூட வருகைப் பதிவேட்டை வாசித்தாள். இதில் கண்ணெதிரே இன்னொருத்தி சிரித்துக்கொண்டு திரிந்தால் எப்படி இருக்கும்?

சின்னவள் பையிலிருந்து கோப்பை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அது தலையணை மொத்தத்துக்கு இருந்தது.

"அடேங்கப்பா! ரெண்டு வருஷ சர்வீஸுக்கு இத்தனை பேப்பரா? துணிக்கடை பில்லையும் சேர்த்து வெச்சிருக்கியா?"

"போங்கக்கா, உங்களுக்கு எப்பவும் கிண்டல்தான்." சின்னவள் அவசரமாகக் கோப்பை அலமாரிக்குள் தள்ளினாள். போனை சார்ஜில் போட்டுவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள். தண்ணீர் சத்தத்தோடு பாட்டு வேறு கேட்டது.

இரண்டாவது பாட்டு ஆரம்பித்தபோது போன் அடித்தது. பெரியவள் எடுத்தாள்.

"ஸ்கூல்ல இருந்து ஹெச்.எம். பேசறேன். காலையில வந்துட்டுப் போனாங்களே, அவங்க இருக்காங்களா? வேலை முடிவாயிடுச்சுன்னு சொல்லணும்."

பெரியவள் குளியலறைக் கதவைப் பார்த்தாள். நேற்று வந்தவள் நாளைக்குக் கையில் சாக்பீஸோடு வகுப்புக்குப் போவாள். பதினான்கு வருஷம் தொண்டை கிழியக் கத்தியவள் அவளுக்கு டிபன் டப்பா கட்டிக் கொடுக்க வேண்டும்.

"நீங்க யாரும்மா பேசறது?"

"நான்... அவ மாமியார்." குரலைக் கொஞ்சம் கரகரப்பாக்கிக்கொண்டாள். மாமியார் போய்ச் சேர்ந்து நான்கு வருஷமாகிறது. "அவளுக்கு இந்த வேலையெல்லாம் வேண்டாங்க. மருமகளுங்களை வேலைக்கு அனுப்பறதில்லன்னு வீட்டுல முடிவு பண்ணிட்டோம்."

ஹெச்.எம். திருப்பிக் கேட்டார். "ரெண்டு பேரையுமா?"

ஓஹோ! அங்கேயும் போய் என் கதையை அளந்துவிட்டு வந்திருக்கிறாளா?

"ஒருத்தரையும் அனுப்பறதா இல்ல" என்றாள் பெரியவள் வெடுக்கென்று.

"அடடா. மூணு நாளா அந்தக் கெஞ்சு கெஞ்சினாங்களே, பாவம். சரிம்மா, இன்னொருத்தங்க என் எதிர்லயே உட்கார்ந்திருக்காங்க. ஆர்டரை அவங்களுக்கே கொடுத்துடறேன். அப்புறம் மாத்த முடியாது, பரவாயில்லையா?"

"தாராளமா கொடுங்க."

போனை வைத்தாள். அழைப்பு வந்ததற்கான அடையாளத்தையும் அழித்தாள். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக மனசு குளுகுளுவென்று இருந்தது. வேலை இல்லாதவர்கள் இனிமேல் இந்த வீட்டில் இரண்டு பேர். பழையபடி உட்கார்ந்து துணியை மடிக்க ஆரம்பித்தாள்.

குளியலறைக் கதவு படாரென்று திறந்தது. சின்னவள் ஈரத் தலையைக்கூடத் துவட்டாமல் ஓடிவந்தாள்.

"போன் அடிச்சுதே, ஹெச்.எம்.தானேக்கா? உங்களை எடுத்துக்கறேன்னு சொல்லிட்டாங்களா?"